தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று

ரங்கா! ஊரெல்லாம் ஆயிரங்கால் மண்டபம் என்கிறது; ஸ்ரீரங்கத்தில் உன் கோயிலில் நிற்பதென்னவோ 953 கல்தூண்கள்தான். மிச்சம் 47 மரக்கால்களை வைகுண்ட ஏகாதசி சமயத்தில் நட்டு ஆயிரம் ஆக்கிக்கொள்வது வழக்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் கோபுரம் தெரியும்போதே கைகூப்பி வளர்ந்த திருச்சிக்காரனுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அந்த 953 யார் என்று கேட்கத் தோன்றியது, கணக்கு வாத்தியாராகித் தலை நரைத்த பிறகுதான்.

இராப்பத்து, வைகுண்ட ஏகாதசியையொட்டிய பத்து இரவுத் திருவிழா. பரமபத வாசல் கடந்து வந்த நம்பெருமாள் அந்த ஆயிரங்கால் மண்டபத்துக்குள் இருக்கும் திருமாமணி மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, அரையர் திருவாய்மொழி சேவித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு தூணோடு ஒண்டி நின்றேன். வாய் ரங்கா ரங்கா என்றது. மனசு, பழக்க தோஷம், 953-ஐ வகுக்கத் தொடங்கிவிட்டது.

31-இன் வர்க்கம் 961. ஆகவே 29 வரையுள்ள பகா எண்களால் சோதித்தால் போதும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29. பத்தே பத்து. இராப்பத்தும் பத்து! ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். எதுவும் வகுக்கவில்லை. 953 பகா எண்! ஆயிரத்தை இரண்டும் ஐந்தும் சேர்ந்து பங்குபோட்டு முடித்துவிடும். இதைப் பங்குபோட ஆளே இல்லை. இரண்டால் வகுத்தால் மீதி 1. ஏழால் வகுத்தாலும் 1. பதினேழால் வகுத்தாலும் 1. மீதியாக நிற்கிற அந்த ஒன்று நீதானே சுவாமி!

கண்ணீர் வந்தது அதற்கும் பிறகுதான். நடுவே ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி எழுகோணமாக 7 புள்ளிகள் வையுங்கள். அதற்கு வெளியே 14, அப்புறம் 21. இப்படிப் பதினாறு சுற்று. கடைசிச் சுற்றில் 112. சுற்றுகளில் மொத்தம் 952, நடுப்புள்ளியோடு 953. மைய எழுகோண எண் என்று கணிதம் இதை வகைப்படுத்துகிறது. ஏழு ஏழாகப் பெருகி ஒரே ஒன்றைச் சூழும் எண், ஏழு பிராகாரம் சூழ நீ பள்ளிகொண்ட ஊரில் கல்லாக நிற்கிறது! அரையரின் தாளம் காதில் விழுகிறது, எனக்கு முன்னால் புள்ளிகள் வலம் வருகின்றன. பக்கத்தில் நின்ற மாமி, "என்னாச்சு, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது!

இந்த எண்ணுக்கு இன்னும் பெருமை உண்டு. 13-இன் வர்க்கத்தையும் 28-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 953. வேறு எந்த இரண்டு வர்க்கங்களும் இதைத் தருவதில்லை. இரட்டித்து ஒன்று கூட்டினால் 1907, அதுவும் பகா எண். இத்தகைய எண்களுக்குப் பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை சோஃபி ஜெர்மேன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சிற்பிகள் இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் தூண் நட்டார்கள் என்று தயவுசெய்து வாட்ஸ்அப்பில் கதை கட்டிவிடாதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் மனத்தில் ஆயிரம்தான் இருந்திருக்கும். பக்தனுக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை. பெருமாள் மலரில் தெரிகிறார், பாசுரத்தில் தெரிகிறார். எனக்கு வகுத்தலின் மீதியில் தெரிந்தார், அவ்வளவுதான்.

இந்த மார்கழியில் ஸ்ரீரங்கம் வருகிறவர்கள் பரமபத வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று, 953-ஐ ஏழால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.