தடையும் பிணைப்பும்

இடையூறு எதுவாயினும் தீமையே என்று கொள்வது நம் இயல்பு. அக்கணிப்பு எவ்வளவு சரி? நெறிநூல்களைச் சற்றே விடுத்து, ஓர் உலோகத் துண்டை நோக்குவோம்.

1911-இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை செல்சியசில், அதன் மின்தடை அறவே மறைந்தது. இதனையே மீக்கடத்துதிறன் என்கிறோம்.

உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அணிக்கோவையாய் நின்று ஓயாது அதிர்கின்றன. ஓடும் எலக்ட்ரான்களைச் சிதறடித்து மின்தடையை விளைவிப்பதில் அவ்வதிர்வுக்கே பெரும் பங்கு. எனவே, குளிரில் அதிர்வு அடங்கியதால் தடை நீங்கியது என்றுதானே நாம் முடிவு கட்டுவோம்? 1950-இல் பாதரசத்தின் ஐசோடோப்புகளை ஆராய்ந்தோர் கண்டது வேறு. அணு எடை குறைந்த பாதரசம் சற்று உயர்ந்த வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாயிற்று. எடை மாறினால் மாறுவது அதிர்வு. ஆகவே, தடுப்பதாக நாம் எண்ணிய அதிர்வுக்கே இதில் பங்கு உண்டு!

அமெரிக்க அறிஞர்களான பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் 1957-இல் இதனை முழுமையாக விளக்கினர். எலக்ட்ரான் ஒன்று செல்லும் வழியில் நேர்மின் அயனிகள் அதன்பால் சற்றே சாய்கின்றன. எடை மிகுந்தவையாதலால் உடனே மீள்வதில்லை. அது கடந்து சென்ற பின்னும் எஞ்சி நிற்கும் அச்சாய்வு இன்னோர் எலக்ட்ரானை ஈர்க்கிறது. ஒன்றையொன்று விலக்கும் இயல்பின இரண்டும் இவ்வாறு இணையாகின்றன. இணைகள் யாவும் ஒருமித்து இயங்குவதால், ஒன்றை மட்டும் பிரித்துச் சிதறடிப்பது இயலாது போகிறது.

மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் வெள்ளியும் செம்பும், வழக்கமான அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தும் இந்நிலையை எய்தக் காணோம். அவற்றில் எலக்ட்ரானுக்கும் அதிர்வுக்கும் உள்ள உறவு மெலிந்தது. அவற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் மட்டமான கடத்தியாகிய ஈயமோ 7.2 கெல்வினில் எய்திவிடுகிறது.

ஆயினும் அவசரப்படலாகாது. துயருற்றோரிடம் சென்று, 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. சாவு வீட்டில் அச்சொல் எத்துணைக் கொடிது! ஈயம் அதற்குச் சான்று பகராது. வெப்பநிலை 7.2 கெல்வினைத் தாண்டினால் இணைகள் முறிகின்றன. அதே அணிக்கோவை மீண்டும் சிதறடிக்கவே செய்கிறது. ஓன்ஸும் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கிய பின்னரே அக்குளிரை எட்ட முடிந்தது. கொதிப்பைத் தணிக்க உடனிருந்து ஒன்றும் செய்யாதவர் இடையூற்றைப் புகழ்வது நேர்மையன்று என்றே கருதுகிறோம்.

மேலும், எல்லா மீக்கடத்திகளுக்கும் இவ்விளக்கம் பொருந்துவதுமில்லை. 1986-இல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டறிந்த செம்பு ஆக்சைடு வகைப் பொருள்களிலும் எலக்ட்ரான்கள் இணைகின்றன. அங்கே அவற்றை இணைப்பது எது என்பதில் அறிஞரிடையே இன்னும் உடன்பாடில்லை.