நண்பனுக்காக ஓங்கும் கை
1988இல் வெளிவந்த ‘பிளட்ஸ்போர்ட்’ என்னும் குறைந்த செலவுப் படம், ஹாங்காங்கில் மறைவாக நடைபெறும் ‘குமிட்டே’ என்ற சண்டைப் போட்டியைக் களமாகக் கொண்டு, நண்பனுக்காகப் பழிதீர்ப்பது அறமாகுமா என்ற கடினமான வினாவை எழுப்புகிறது. நடிகர் வான் டாம் ஏற்று நடித்த நாயகனின் தோழன் ஜாக்சன், சோங் லீ என்னும் கொடிய வீரனால் தலையில் மிதிபட்டு மருத்துவமனையில் கிடக்க, அதுவரை ஆசானின் பெருமைக்காகப் போரிட்டவன் இனித் தோழனுக்காகவும் போரிடுகிறான்.

அவ்வினாவை எடைபோட அரிஸ்டாட்டிலிடம் ஓர் அளவுகோல் உண்டு. பயன், இன்பம், நற்பண்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு எழும் மூவகை நட்புகளுள், நண்பரின் நன்மையை அவர் பொருட்டே விரும்பும் மூன்றாவதையே முழுமையானதாகக் கொண்ட அவர், நண்பருக்காக உயிரையும் கொடுப்பவரைப் போற்றினார். ஆயினும் சினத்தாலும் பழியுணர்வாலும் மட்டும் பொருதுவோரிடம் உள்ளது போர்க்குணமே அன்றி வீரம் அன்று என்றும், வீரம் என்பது மேன்மை கருதித் தேர்ந்து செய்யும் செயல் என்றும் அவரே வரையறுத்தார். இவ்வளவுகோலுக்குச் சோங் லீயுடனான இறுதிச் சண்டை வியக்கத்தக்க வகையில் ஈடுகொடுக்கிறது: கண்ணில் தூள் வீசப்பட்டுப் பார்வை மங்கிய நாயகன், பதற்றத்தை அடக்கிப் பழைய பயிற்சியை நினைவுகூர்ந்து எழுந்து, அரங்கிலேயே ஒருவனைக் கொன்ற அப்பகைவனைக் கொல்லாமல், தோல்வியை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறான். கொலை சினத்தைத் தணித்திருக்கலாம். ஜாக்சனுக்கு அதனால் எந்த நன்மையும் விளைந்திராது.