புரியாத படத்தின் முன்னே

தென்பெண்ணைக் கரையிலே பிறந்தவர்கள் நாங்கள். கபிலர் குன்றைச் சுட்டிக் காட்டாத ஆசிரியர் திருக்கோவிலூரில் இல்லை. உலகளந்தார் கோபுரத்தை அண்ணாந்து பாராத பிள்ளையும் இல்லை. கல்லும் கோபுரமும் எங்களுக்குப் புதியன அல்ல. அவற்றின் முன்னே கைகூப்பி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, "ஏன் என்று கேள்! புரியாத மொழியிலே எவரோ எதையோ முணுமுணுக்க, நீ தலையாட்டி நிற்பதேன்?" என்று படிப்பகத் திண்ணையிலும் தெருமுனை மேடையிலும் ஆண்டுக்கணக்கிலே பேசி வந்தவன் நான். அந்த நான், சென்ற மாதம், புரியாத ஒரு படத்தின் முன் நின்று தலையாட்டினேன். அந்தக் கதையைத்தான் தோழர்களே, எழுத வந்தேன்.

படிப்பகத் தோழர்கள் அறுவர் சென்னை சென்றோம். முதல் நாள் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தோன்றிய நிலையம். திருவாலங்காட்டு நடராசர் முதலான வெண்கலங்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே எனக்குத் தடுமாற்றமே இல்லை. சென்னை மாகாணத்துக் கோயில்களெல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது 1947-இலே! அதற்கு முன்பு, வீதியிலே நின்று கோபுரத்தை மட்டும் கண்டு திரும்பியவனின் பேரன், இன்று வெண்கலத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கிறான். பட்டும் இல்லை, பூவும் இல்லை, திரையும் இல்லை, தட்சணைத் தட்டும் இல்லை. மெழுகிலே உருச்செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்திலே உலோகத்தை ஊற்றினானே, அந்தப் பெயரறியாத தொழிலாளியின் கை மட்டுமே அங்கே தெரிகிறது. இதைத் தோழர்களுக்கு விளக்கினேன். குரல் கணீரென்று வந்தது.

மாலையிலே கடற்கரை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் அங்கே நிற்கிறது. நால்வர் சேர்ந்து பாறையைப் புரட்டுகிறார்கள். இந்தச் சென்னைக் கடற்கரையிலேதான் 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அங்கேயும் குரல் கணீரென்றுதான் வந்தது.

மறுநாள்தான் மாட்டிக்கொண்டேன்.

ஈஞ்சம்பாக்கத்திலே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சோழமண்டலம் என்று ஒரு கலைஞர் ஊர் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் பயின்றவர்களும் 1966-இல் அமைத்தது. ஓவியம் விற்றுச் சோறு தின்ன முடியாது என்பதை உணர்ந்த இளைஞர்கள், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைத்தொழில் செய்து, அந்த வருவாயிலே நிலமும் வாங்கி, படமும் எழுதி வாழ்ந்தார்கள். புரவலனைத் தேடி வாயிலில் காத்து நிற்காமல், தொழில் செய்து கலை வளர்த்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கே இப்போது அந்தக் கலை இயக்கத்துக்கு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

அங்கே ஒரு படம். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைச் சேர்ந்தது. பரப்பு முழுதும் எழுத்துப் போன்ற கிறுக்கல். மலையாள எழுத்தோ என்று நெருங்கினால் படிக்க முடியாது. இடையிடையே கட்டங்கள், சோதிடன் போடும் கட்டம் போல. கணக்குக் குறிகள் போலச் சில. மூலையிலே மீனோ பறவையோ, ஏதோ ஓர் உயிர்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவன் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரச்சிற்பத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. வாகை மரத்தை உளியால் செதுக்கும் தந்தைக்குத் துணையாக வளர்ந்தவன். அந்தத் தம்பி கேட்டான்: "அண்ணா, இது என்ன?"

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பக்கத்திலே நன்கு உடுத்திய நாலைந்து பேர் மெல்லிய குரலிலே ஆங்கிலம் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரே ஊர்ப்பெயரைக் கெடுக்கலாமா? "மனித உள்ளத்தின் ஆழ்மனப் போராட்டத்தை ஓவியர் குறியீட்டால் உணர்த்துகிறார், தம்பி" என்றேன். அதற்கு என்ன பொருள்? எனக்கே தெரியாது. அவன் பேசாமல் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டான்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. கோயிலிலே புரியாத மந்திரத்துக்குத் தலையாட்டுகிறவனுக்கும், கூடத்திலே புரியாத கோட்டுக்குத் தலையாட்டிய எனக்கும் என்ன வேறுபாடு? அவனாவது சாமி கண்ணைக் குத்திவிடும் என்று அஞ்சினான். நான் எதற்கு அஞ்சினேன்? "நாட்டுப்புறத்தான்" என்று நாலு பேர் நினைப்பார்களே என்று! அவனுடைய அச்சத்திலே ஓர் ஏழ்மை உண்டு. என்னுடையதிலே வெறும் வீம்புதான் இருந்தது.

இதைக் கேட்கிற தோழர்களில் சிலர் உடனே சொல்வார்கள்: "அப்படிச் சொல்லுங்கள் அண்ணா! புரியாத கலை ஏமாற்றுக் கலை. பாட்டாளிக்கு விளங்காத படத்தைக் கிழித்தெறிவோம்." பொறுங்கள். அந்தப் பாதையிலே நமக்கு முன்னே போனவன் யார் தெரியுமா? 1937-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மியூனிக் நகரிலே, இட்லரின் ஆட்சி ஒரு கண்காட்சி நடத்திற்று. 'சீர்கெட்ட கலை' என்று அதற்குப் பெயர். பொது அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த ஏறத்தாழ 650 படைப்புகளைக் கோணலும் மாணலுமாக மாட்டி, சுவரிலே கேலி வாசகம் எழுதி, வந்து சிரியுங்கள் என்று மக்களை அழைத்தது. 20 இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். "எளிய மனிதனுக்கு விளங்காதது கலையன்று" என்பதுதான் அங்கேயும் முழக்கம். எளிய மனிதனின் பெயரால் படத்தைப் பழித்தவர்கள், பின்னர் அந்த எளிய மனிதனையே போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். ஆகவே, புரியாததைக் கும்பிடுவது அடிமைத்தனம் என்றால், புரியாததை அடித்து நொறுக்குவது அதன் உடன்பிறப்பு. இரண்டிலும் மூளைக்கு வேலை இல்லை.

மேனாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையிலே கீழ்வாலைப் பாறைகள் இருக்கின்றன. பழங்கால மனிதன் செங்காவியிலே அங்கே எழுதிய உருவங்களில் பறவை முகம் கொண்ட மனிதர்களைக் காணலாம். கண்டபடியே வரைய வேண்டும் என்று அவனுக்கு எவரும் கட்டளையிடவில்லை. அவன் பாரிசு நகரத்துக்குப் போய்ப் படித்து வந்தவனும் அல்லன்.

அப்படியானால் பணிக்கரின் படத்தை எப்படிப் பார்ப்பது? விடியும் நேரத்திலே எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. எழுத்தறியாதவர். நிலத்தின் பத்திரத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, மடி மேல் விரித்துவைத்துக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டிப் பார்ப்பார். படிப்பதற்கு அன்று, பார்ப்பதற்கு. அந்தக் கறுப்புச் சுழிகளிலே தம்முடைய ஒரு காணி நிலம் அடங்கியிருப்பதும், கடன்காரன் நீட்டிய தாளின் சுழிகளிலே அது பறிபோகக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும். எந்தச் சுழி எதைச் செய்யும் என்பதுதான் தெரியாது. கைநாட்டு வைக்கும்போது அவர் கட்டைவிரல் நடுங்கும்.

பணிக்கரின் படம் படித்த என்னை என் பாட்டியாக ஆக்கிவிட்டது! எழுத்து இருக்கிறது, எனக்கு அது திறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் எழுத்தின் முன் நின்ற நிலையிலே, பட்டம் பெற்ற நான் ஒரு மணித்துளி நின்றேன். கணக்குப் படித்த மாணவன் ஒருவனின் குறிப்பேடு இந்த வரிசைக்குத் தூண்டுதலாயிற்று என்பர். ஓவியர் என் பாட்டியை நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. இது நான் கண்ட பொருள். அந்தச் சோதிடக் கட்டமும் அப்படித்தான். நாளும் கோளும் பார்த்துப் பெண்ணின் வாழ்வைக் கெடுக்கும் கட்டத்தைக் கண்டால் எனக்குச் சினம் பொங்கும். ஆனால் அங்கே அது யாருக்கும் பலன் சொல்லவில்லை. எழும்பூர் வெண்கலம் போல, ஆட்சி இழந்து வெறுங்கோடாக இருக்கிறது. கோயிலுக்கும் கூடத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. படம் என்னை நம்பச் சொல்லவில்லை. நம்பாவிட்டால் நரகம் என்று மிரட்டவில்லை. பூசாரி வேலையை நானாகவே ஏற்றுக்கொண்டு, பொருளற்ற மந்திரத்தை ஒரு தம்பியின் காதிலே ஓதியதுதான் குற்றம்.

அந்தத் தம்பி என்ன செய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த கூடத்திலே எசு. நந்தகோபாலின் உலோகச் சிற்பம் ஒன்றின் முன் அரைமணி நேரம் நின்றிருந்தான். நந்தகோபால் பணிக்கரின் மகன்; செம்பையும் பித்தளையையும் தகடாக வெட்டிப் பற்றவைத்து உருச்செய்தவர். "எதைப் பார்க்கிறாய்?" என்றேன். "பற்றவைத்த இடத்தை மறைக்கவே இல்லை, அண்ணா. எங்கள் அப்பா ஒட்டுத் தெரிந்தால் அடிப்பார். இவர் ஒட்டையே அழகாக்கி வைத்திருக்கிறார்" என்றான். ஆழ்மனம் என்றும் குறியீடு என்றும் அவன் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னான். எங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் பட்டியலில் ஏறிற்று. செதுக்கியவன் பெயர் எந்தச் சிற்பத்தின் அடியிலே இருக்கிறது? சோழமண்டலத்திலே ஒவ்வொரு படைப்பின் அருகிலும் பெயர் இருப்பதை அவன் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே வந்தான். அதை நான் அப்போது கவனித்தேன். அதன் பொருள் பிறகுதான் உறைத்தது.

ஊர் திரும்பும்போது திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தேநீர் குடிக்க இறங்கினோம். தனியே அழைத்துச் சொன்னேன்: "தம்பி, அந்தப் படத்தைப் பற்றி நேற்று உனக்குச் சொன்னது வெறும் வார்த்தை. எனக்கும் புரியவில்லை."

அவன் குவளையைக் கீழே வைத்தான். "அது அப்போதே தெரியும், அண்ணா. மேடையிலே பேசுகிற குரலில் சொன்னீர்களே!" என்றான்.