உடன் ஓதிக் கொடுப்பவர்

உஸ்தாதுமார்கள் மனம் சோர்வதற்குச் சம்பளக் குறைவையே காரணம் சொல்கிறோம். அது உண்மைதான், நிர்வாகிகள் கவனிக்கட்டும். ஆனால், பிள்ளைகள் முன்னிலையில் ஓர் உஸ்தாதை மற்றோர் உஸ்தாது கடிந்து பேசிவிட்டால், மறுநாள் அவருடைய ஸபக்கில் உயிர் இருப்பதில்லை.

பிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டுப் பெற்றார்கள். பின்னர் சமூகத்தார் காளைக்கன்றை வணங்கியபோது, கோபத்தால் அதே சகோதரரின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். தம் நிலையை விளக்கிய ஹாரூன் (அலை) அவர்கள், பகைவர்கள் கண்டு மகிழ இடந்தர வேண்டாமென்று கேட்டுக் கொண்டார்கள். உடனே மூஸா (அலை) அவர்கள் இருவருக்கும் சேர்த்தே பிழைபொறுக்க வேண்டினார்கள் (7:150, 151).

அங்கே பிரச்சினை ஷிர்க். இங்கே நம் பிணக்கோ, ஒரு மத்து நீண்டதா குறைந்ததா என்பதில்! தவறைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் வீடு போனபின் சொன்னால் என்ன?