பெயரில்லாப் பொத்தான்

மதுரை அழகர்கோயில் சாலையில், சுந்தரராஜன்பட்டியில், எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளின் இடைமுகத்தை அத்தகைய இடத்தில் நின்று ஆராய்வது நல்லது. படமும் நிறமும் அங்கே உதவா. அவற்றை நீக்கிய பின்னும் எது எஞ்சுகிறதோ, அதுவே இடைமுகத்தின் எலும்புக்கூடு.

எஞ்சுவனவற்றைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் ஒலியாக்கித் தருகிறது. டேப் விசையை அழுத்தினால் "சேமி, பொத்தான்" என்கிறது. தேர்வுப்பெட்டி என்றால் அது குறியிடப்பட்டுள்ளதா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆக, ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர், வகை, நிலை என மூன்று வேண்டும். நிரலர் வெறும் படத்தை ஒட்டிப் பெயரை எழுதாது விட்டால், காதில் விழுவது "பொத்தான்" மட்டுமே. அப்படி ஐந்து இருந்தால் அதே சொல் ஐந்து முறை. சேமிப்பது எது, அழிப்பது எது? சுட்டியால் சொடுக்கிப் பார்த்த நிரலருக்கோ எல்லாம் சரியாகவே இயங்கியிருக்கும்.

நான்காவதாக வரிசையும் வேண்டும். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றி விரியும் அடுக்கு மனத்தில் இருப்பவர் மதுரைக்குள் திசை தவறுவதில்லை. டேப் விசை படிவத்தின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக்குத் தாவி, பிறகு நடுவுக்கு வந்தால், அப்படியோர் அடுக்கை மனத்தில் கட்டவே இயலாது.

இனி, இக்குறை ஏன் நேர்கிறது என்பது. தன்னார்வலர் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்வதே கட்டற்ற மென்பொருளின் வலிமை. அதன் குருட்டுப்புள்ளியும் அதுவே. விண்டோஸுக்கான என்விடிஏ திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். இலவசமாகக் கிடைக்கும் அம்மென்பொருளில் பயனரின் தேவை முதல் வரியிலேயே புகுந்துவிட்டது. பிற திட்டங்களில் செய்பவருக்குப் பெரும்பாலும் கண் தெரியும்; ஆகவே பெயரிடும் வேலை பின்னுக்குப் போகிறது. புதிய வசதி சேர்ப்பதில் உள்ள பெருமை பெயரிடுவதில் இல்லை என்பதும் உண்மை.

தமிழில் இச்சிக்கலுக்கு இன்னோர் அடுக்கு உண்டு. என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். கடல், அகல், தங்கம் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி வேறு. இடம் பார்த்து ஒலிக்க விதி எழுதலாம். காந்தி என்ற பெயரின் முதலொலியை அவ்விதி காட்டாது. விதிவிலக்குப் பட்டியல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்போ இன்னும் மோசம்: கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்குறிகள். ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி வாசிப்பான் உளறத்தான் செய்யும்.

பெயரில்லாப் பொத்தானுக்கான திருத்தம் பெரும்பாலும் சிறியது. எந்த விசையை அழுத்தினோம், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என மூன்றையும் குறித்து வழுவறிக்கை அனுப்பினால், மூலநிரலில் ஒரு வரியில் பெயர் ஏறிவிடும். நிரல் தெரிந்த மாணவர் அவ்வரியைத் தாமே எழுதியும் அனுப்பலாம். ஆனால் அடுத்த பதிப்பில் யாரோ கருவிப்பட்டையை அழகுபடுத்தப் புதிய படங்களை வைப்பார். பழைய பெயர் காணாமற்போகும். ஆகவே ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால், சுட்டியைக் கழற்றி, திரையை அணைத்து, ஒரு கோப்பைத் திறந்து எழுதிச் சேமித்து மூடிப் பார்க்கும் சோதனையை வெளியீட்டு நடைமுறையிலேயே சேர்த்துவிட வேண்டும்.