கேட்காமல் போன பதில்

2014 ஓகஸ்ட் 30ஆம் திகதி தம்புள்ளையில் இலங்கையுடனான கிரிக்கெட் போட்டியில் பாகிஸ்தான் அணி 102 ஓட்டங்களுக்குள் சுருண்டது. திலகரத்ன டில்ஷான் ஆட்டமிழக்காமல் 50 ஓட்டங்கள் எடுத்தார். போட்டியும் தொடரும் நமக்கே. வீரர்கள் மைதானத்தை விட்டுப் போகும்போது பாகிஸ்தானின் அஹமட் ஷெஹ்சாத் டில்ஷானுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே ஏதோ சொன்னார். தொலைக்காட்சி ஒலிவாங்கி அதைப் பிடித்துக்கொண்டது. முஸ்லிம் அல்லாத ஒருவர் முஸ்லிமாகிவிட்டால், வாழ்க்கையில் என்ன செய்திருந்தாலும் நேரே சுவர்க்கம்தான் என்பது அவர் சொன்னதன் சாரம். டில்ஷான் பதிலுக்கு ஏதோ சொன்னார். அது கேட்கவில்லை. அப்படியானால் நெருப்புக்குத் தயாராக இரு என்றார் ஷெஹ்சாத். அது கேட்டது.

அந்தக் காணொளி ஊர் ஊராகச் சுற்றிய நாட்களில் நான் குச்சவெளியில் உடற்கல்வி ஆசிரியன். பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பேச்சு, தேநீர்க் கடையில் இன்னொரு பேச்சு. தஃவா, அதாவது மார்க்கத்துக்கு அழைப்பு, செய்ததில் என்ன பிழை என்றார்கள் சிலர். விளையாட வந்த இடத்தில் மார்க்கம் எதற்கு என்றார்கள் வேறு சிலர். பாகிஸ்தான் கிரிக்கெட் சபை விசாரித்தது. டில்ஷான் முறைப்பாடு எதுவும் செய்யவில்லை. விஷயம் அடங்கிப்போனது. எனக்குள் அடங்கவில்லை. ஷெஹ்சாத் சொன்னதை உலகமே கேட்டது. டில்ஷான் சொன்னதை ஷெஹ்சாத் ஒருவர்தான் கேட்டார். மலாய் முஸ்லிம் தந்தைக்கும் சிங்கள பௌத்தத் தாய்க்கும் பிறந்து, துவான் மொஹமட் டில்ஷான் என்ற பெயரோடு ஆரம்பித்து, பிறகு அந்தப் பெயரை மாற்றிக்கொண்ட மனிதர் அவர். மார்க்கம் பற்றிய ஒரு கேள்விக்கு அவரிடம் எத்தனை வருடத்துப் பதில் இருந்திருக்கும்! அந்தப் பதில்தான் யாருக்கும் கிடைக்காமல் போனது.

நான் தொழுகிறவன், நோன்பு பிடிக்கிறவன். மறுமையும் கேள்விகணக்கும் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே "மதமெல்லாம் ஒன்றுதானே, எதற்குச் சண்டை" என்று சொல்லி நகர்ந்துவிட என்னால் முடியாது. அப்படிச் சொல்வது நம்பிக்கையுள்ளவனையும் அவமதிக்கும், அவனோடு உடன்படாதவனையும் அவமதிக்கும். எங்கள் மதங்கள் ஒன்றோடொன்று உடன்படவில்லை. நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரைக்கும் ஒரே வீதியில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் இருப்பவர்கள் மற்றவர் எங்கோ வழி தவறிவிட்டார் என்றுதான் உள்ளுக்குள் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டே பக்கத்து வீட்டு மரணத்துக்குப் போகிறார்கள், கரைவலைக் கயிற்றைச் சேர்ந்து இழுக்கிறார்கள். இதைப் போலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. எதை, யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்ற அறிவு அது.

இந்த அறிவு கைபேசிக்குள் போனதும் எங்கே தொலைகிறது? அதைத்தான் கொஞ்சக் காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் எங்கள் அணியிலேயே நடந்த ஒரு சம்பவம்.

ஓய்வு பெற்ற பிறகும் பின்னேரங்களில் உதைபந்தாட்டம் பழக்குகிறேன். கடற்காற்று வீசத் தொடங்கும் நேரத்தில் பொடியன்கள் வருவார்கள். காசிம் நகர், கும்புறுப்பிட்டி, திரியாய், சலப்பையாறு என்று பல ஊர். மஹ்ரிப் பாங்கு கேட்டதும் ஆட்டத்தை நிறுத்துவோம். தொழுகிறவர்கள் கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயில் வுளு எடுத்து, வலைவிரிப்புத் துணியைப் போட்டு நிற்பார்கள். மற்றவர்கள் பந்தை மடியில் வைத்துக்கொண்டு கோட்டோரம் குந்தியிருப்பார்கள், சத்தம் போட மாட்டார்கள். யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை.

எங்கள் முன்கள வீரன் ஒருவன் நல்ல ஆட்டக்காரன். மாவட்ட மட்டத்தில் அவனுக்குப் பெயர் வந்த பிறகு முகநூலில் பின்தொடர்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஓர் இரவு அவன், சிலை வணங்குகிறவர்களுக்கு நரகம்தான் என்ற கருத்தில் ஒரு பதிவு போட்டான். கீழே நெருப்புப் படம். அவனுக்கு வலது ஓரத்திலிருந்து பந்து எடுத்துக் கொடுக்கிறவன் திரியாய்ப் பொடியன், நெற்றியில் திருநீறு இல்லாமல் மைதானத்துக்கு வராதவன்.

மறுநாள் முன்கள வீரனைக் கூப்பிட்டேன். வந்ததும் கேட்டான்: "சேர், நான் எழுதினதுல பொய் இருக்கா?"

அந்தக் கேள்வியை என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. இணைவைத்தலை எங்கள் மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது திரியாய்ப் பொடியன் சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "உன்ர சொர்க்கத்துக்கு நான் வரமாட்டன் மச்சான். பந்தை மட்டும் நேரத்துக்குத் தா." மற்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் விளையாடப் போய்விட்டார்கள். ஆனால் அந்தப் பதிவுக்குக் கீழே கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் கட்டாரிலிருந்தும் சனம் வந்து இறங்கிக்கொண்டேயிருந்தது. ஒருவர் மற்றவரின் தாயைத் திட்டுகிறார். இன்னொருவர் குச்சவெளியில் இனி யார் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார். இந்த இரண்டு பொடியன்களையும் அவர்களில் யாரும் கண்டதில்லை. மைதானத்தில் ஒரு வரியில் முடிந்த பேச்சு அங்கே வாரக்கணக்கில் எரிந்தது.

அவுஸ்திரேலிய றக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ் 2019 ஏப்ரல் 10 அன்று இன்ஸ்டகிராமில் போட்ட பதிவை அப்போதுதான் திரும்பவும் நினைத்துப் பார்த்தேன். குடிகாரர், தன்பாலீர்ப்பாளர், பொய்யர், திருடர், நாத்திகர், விக்கிரக வணக்கக்காரர் என்று நீண்ட ஒரு பட்டியல். உங்களுக்கு நரகம் காத்திருக்கிறது, மனம் திரும்புங்கள் என்ற அழைப்பு. மே மாதம் அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாகின. அன்பினால்தான் எச்சரித்தேன் என்று அவர் சொன்னார். நான் அவரை நம்புகிறேன். ஓடுகிற பேருந்துக்கு முன்னால் நிற்கிறவனைப் பார்த்துக் கத்தாமல் இருப்பதுதான் கொடூரம் என்று நினைக்கிற மனம் எனக்கு அந்நியமானதல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஓர் இளைஞன், தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாமல் ஒரு சின்ன ஊரில் இருக்கிறவன், தான் நேசிக்கிற வீரனிடமிருந்து அதைப் படித்துவிட்டு என்ன பதில் சொல்வான்? ஃபொலாவுக்கு அவன் எழுதினாலும் அது அவர் கண்ணில் படாது. அழைப்பு என்று ஒன்று இருந்தால் அழைக்கப்பட்டவன் வாசலில் நின்று "வரமாட்டேன்" என்று சொல்லவும், "ஏன்" என்று கேட்கவும் இடம் வேண்டும். எச்சரிக்கிறவன் எச்சரிக்கப்படுகிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி தன் பெருநூலான இஹ்யாவில் நாவினால் விளையும் கேடுகளுக்கென்றே ஒரு தனி நூலை ஒதுக்கியிருக்கிறார். இருபது கேடுகளை அடுக்குகிறார். அதில் எல்லாமே பொய் பற்றியதல்ல. உண்மையாக இருந்தும் சொல்லக் கூடாதவை அதில் நிறைய. புறம் பேசுதல் அப்படிப்பட்டது. சொன்னது மெய்யாக இருந்தாலும் அது பாவம்தான். ஆக, "பொய் எழுதவில்லையே" என்பது எங்கள் மார்க்கத்தில் முழுமையான சமாதானம் அல்ல. இன்னொரு நூலும் உண்டு, பைஸலுத் தஃப்ரிகா. இஸ்லாத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களையும், சிறு வயதிலிருந்தே அதைப் பற்றித் திரித்துச் சொல்லப்பட்டதை மட்டுமே கேட்டவர்களையும் கஸ்ஸாலி அதில் குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு நியாயம் உண்டு என்கிறார். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அலங்கோலமாகப் போய்ச் சேர்ந்த செய்தியைக் கேட்டவனுக்கு மன்னிப்பு இருக்கிறது என்றால், அதை அலங்கோலமாகச் சொன்னவனின் நிலை என்ன? நெருப்புப் படத்தோடு வந்த பதிவைப் பார்த்து ஒருவன் எங்கள் மார்க்கத்தையே வெறுத்துவிட்டால், மறுமையில் அந்தக் கணக்கு யார் பெயரில் விழும்? முன்கள வீரனிடம் இதைத்தான் பிறகு சொன்னேன். அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நாங்க மார்க்கத்த மறைச்சு வைக்கணுமா சேர்?" என்றான்.

மறைக்க வேண்டாம். 2025 ஒக்டோபர் 30 அன்று நவி மும்பையில் மகளிர் உலகக் கிண்ண அரையிறுதியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் குவித்த இந்தியாவின் ஜெமிமா ரொட்ரிகஸ், கண்ணீரோடு இயேசுவுக்கு நன்றி சொன்னார். அவர் பேசியது தன்னைப் பற்றி, தான் தாங்க முடியாமல் தவித்த நாட்களைப் பற்றி, தன்னைத் தாங்கியவரைப் பற்றி. யாருடைய முடிவையும் அவர் தீர்க்கவில்லை. அதற்கும் வசை வந்தது என்பது வேறு கதை. அந்த வசைக்கு நியாயமே கிடையாது. தன் இறைவனுக்கு நன்றி சொல்கிறவனும் அடுத்தவனுக்குத் தண்டனை விதிக்கிறவனும் ஒரே வேலையைச் செய்யவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் இரண்டையும் "மதச் செய்தி" என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் உஸ்மான் கவாஜாவுக்கு நடந்ததும் அதுபோன்றதுதான். 2023 டிசம்பரில் பேர்த் டெஸ்டுக்கு முன், எல்லா உயிர்களும் சமம் என்ற கருத்தைச் சப்பாத்தில் எழுதினார். சர்வதேச கிரிக்கெட் பேரவை தடுத்தது. கறுப்புப் பட்டி அணிந்தார், கண்டித்தது. ஒலிவ் கிளையோடு ஒரு புறா, அதுவும் ஆகாது என்றது. கடைசியில் மெல்பேர்ணில் தன் இரு பெண் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு ஆடினார். கேஷவ் மகராஜின் துடுப்பில் ஓம் இருக்கிறது, மார்னஸ் லபுஷேனின் துடுப்பில் பைபிளை நினைவூட்டும் கழுகு இருக்கிறது. அவை இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. புறாவையும் விட்டிருக்கலாம்.

பேசாமல் இருக்கிற உரிமையையும் நாங்கள் பறித்துவிடுகிறோம். 2023 நவம்பர் 2 அன்று வாங்கெடேயில் இலங்கை 55 ஓட்டங்களுக்கு விழுந்தது எங்களுக்கு ஆறாத வலி. அன்று ஐந்து விக்கெட் எடுத்த மொஹமட் ஷமி ஒரு கணம் தரையில் முழந்தாளிட்டார். சுஜூது செய்ய, அதாவது நெற்றி நிலத்தில் பட வணங்க நினைத்து இந்தியாவில் பயந்து நிறுத்திவிட்டார் என்று ஆயிரம் பேர் இணையத்தில் எழுதினார்கள். களைத்துப்போன ஒரு மனிதனின் முழங்காலுக்குக்கூட அவரைக் கேட்காமலே அர்த்தம் சொல்லியாயிற்று. தொழ நினைத்தால் யார் தடுப்பார்கள், நான் முஸ்லிம் என்பதிலும் இந்தியன் என்பதிலும் பெருமைப்படுகிறேன் என்ற கருத்தில் பிறகு அவரே வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், சட்டம் இருக்கிறதே" என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிக்கும் மத நம்பிக்கைக்கும் எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. பேசுவதும் மதத்தை வெளிப்படுத்துவதும் 14ஆவது உறுப்புரையில் வருகின்றன. அவற்றுக்கு 15ஆவது உறுப்புரை வேலி போடுகிறது. காகிதத்தில் நல்ல ஒழுங்குதான். நடைமுறை என்ன? 2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது வெறுப்புப் பதிவுகள் முகநூலில் நாட்கணக்காகக் கிடந்தன. அந்த நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. அதே 2020 ஏப்ரலில், வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் செய்வோம் என்று எழுதிய ரம்ஸி ராஸிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர் கைதானார். மதவெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்யும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அவர் மேல் பாய்ந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் சிறை. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆகிவிட்டது. சிறுபான்மைக்காரன் ஒருவன் இந்த நாட்டில் "பேச்சைத் தண்டியுங்கள்" என்று கேட்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும். அந்தத் தண்டனைக் கோல் எந்தப் பக்கம் முதலில் திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் ஃபொலாவின் வேலையைப் பறித்ததிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. அவர் செய்தது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். ஆனால் வேலை போனதும் அவர் சொன்னதைப் பற்றிய பேச்சு நின்று, அவருடைய உரிமையைப் பற்றிய பேச்சாகிவிட்டது. அவர் பட்டியலிட்டவர்கள் மறுபடியும் பேச்சிலிருந்து காணாமல் போனார்கள்.

எங்கள் கழக நிர்வாகம் வரும் பருவத்துக்கு ஒரு நடத்தை விதி எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. வீரர்கள் சமயம் பற்றி எதுவும் பதிவிடக் கூடாது என்ற வரியை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த வரியை நான் எழுதவில்லை. தன் நம்பிக்கையைப் பற்றி யாரும் எழுதலாம். இன்னொரு சமூகத்தின் முடிவைப் பற்றி ஒருவர் எழுதினால், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சக வீரர் அணி முழுவதற்கும் முன்னால் பதில் சொல்வார், எழுதியவர் இருந்து முழுவதையும் கேட்க வேண்டும், அந்தப் பதிலையும் அதே பக்கத்தில் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நிர்வாகத்தில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை. வீண் வாக்குவாதம் வளரும் என்கிறார்கள். முன்கள வீரனும் யோசித்துச் சொல்வதாகத்தான் சொல்லியிருக்கிறான். திரியாய்ப் பொடியன் மட்டும் வாசித்துவிட்டு, பதில் சொல்லத் தனக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று கேட்டான். தேவையான அளவு என்று சொல்லியிருக்கிறேன்.