கள்ளாமையும் இரண்டாவது கம்ப்யூட்டரும்

கள்ளாமை விரதம் ஏற்றவன், ஒரு கம்ப்யூட்டருக்கென்று வாங்கிய மென்பொருளை இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாமா? கேட்டவுடன் சிரிப்பு வரும். எனக்கு இது தொழில் கேள்வி. பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்கியநாதர் சமணக் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். வேலை பிள்ளையார்பாளையத்தில். அங்கே ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு லேப்டாப். மென்பொருளுக்கு லைசென்ஸ் ஒன்றுதான். அதன் விலைக்கு இரண்டாவதாக ஒன்று வாங்குவதென்றால் ஒரு சீசன் வருமானம் போய்விடும்.

காஞ்சிபுரத்தில் யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "யாருக்கு என்னங்க நஷ்டம்?" மாட்டைத் திருடினால் கொட்டகை காலியாகும். மென்பொருளைப் படியெடுத்தால் கம்பெனிக்காரனிடம் இருந்தது அப்படியே அவனிடம் இருக்கிறது. எதுவும் குறையாதபோது களவு எங்கிருந்து வந்தது? லேசில் தள்ளிவிட முடியாத வாதம் இது.

ஆனால் எங்கள் சமண நூல்களில் சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டார்கள். தசலட்சணப் பண்டிகை நாட்களில் தத்துவார்த்த சூத்திரம் என்ற நூலை நாளுக்கு ஓர் அத்தியாயமாக விளக்குவது வழக்கம். பத்து அத்தியாயம், பத்து நாள். விரதங்கள் வருவது ஏழாம் நாளில். களவுக்கு அதன் ஆசிரியர் உமாசுவாமி சொல்லும் இலக்கணம் மிகச் சிறியது: கொடுக்கப்படாததை எடுப்பது. இழந்தவன் எவ்வளவு இழந்தான் என்ற கணக்கு அதில் கிடையாது. அந்த நூலுக்குச் 'சர்வார்த்தசித்தி' என்ற உரை எழுதிய பூச்சியபாதர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கலங்கிய மனத்தோடு ஒருவன் செயலில் இறங்கினானா, அங்கே களவு நடந்துவிட்டது. வெளியில் ஒரு பொருள் கைக்கு வந்ததா இல்லையா என்பது கணக்கில் வராது என்கிறார். பென்டிரைவைப் பார்க்காமலே அதற்கும் சேர்த்து எழுதிவிட்ட மாதிரி இருக்கிறது.

அவரே இன்னொரு சிக்கலையும் எடுத்துக்கொள்கிறார். கொடுக்காததைத் தொடுவதெல்லாம் களவு என்றால், பிச்சைக்குப் போகும் முனிவர் ஊர்த்தெருவில் நடப்பதும் களவாகிவிடாதா? தெருவை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே? ஆகாது என்கிறார், தெரு எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டது. அதே முனிவர் மூடிய கதவுக்குள் போகமாட்டார், அது அப்படி விடப்பட்டதல்ல. பொதுவாக விட்டதா, மூடியதா என்ற இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் மென்பொருள் விவகாரத்தில் பாதி தெளிந்துவிடும். லிப்ரே ஆபீஸ் போன்ற திறமூல மென்பொருள் தெரு. நூறு கம்ப்யூட்டரில் போடலாம், நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். சீரியல் நம்பர் கேட்டு, இணையத்தில் சரிபார்த்து, இரண்டாவது இயந்திரத்தில் திறக்க மறுப்பது மூடிய கதவு. 'கிராக்' போட்டுத் திறக்கிறவனுக்குப் பூச்சியபாதரைப் படித்துக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

சிக்கல் நடுவில் இருப்பதில். இயந்திரம் தடுக்கவில்லை, ஆனால் நிறுவும்போது வந்த பல பக்க ஆங்கில ஒப்பந்தத்துக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நான்தான் அழுத்தியிருக்கிறேன். அதைப் படித்தவர் ஊரில் யாராவது இருந்தால் காட்டுங்கள், கும்பிடுகிறேன். அப்படியானால் பொறுப்பு எடுக்கிறவனுக்கு மட்டும்தானா? எங்கள் கோயில் சங்கீத மண்டபத்துக் கூரை ஓவியங்களில் முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவரின் வாழ்க்கை வரிசையாக இருக்கிறது. அவர் துறவு பூண்டு உணவுக்கு வந்தபோது, முறை தெரியாத மக்கள் யானையும் நகையும் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஏறத்தாழ ஓராண்டு அப்படியே கழிந்தது. கடைசியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு கொடுத்தான். எடுக்கிறவனுக்கு மட்டும் விதி இருந்தால் போதாது, கொடுக்கிறவனுக்கும் முறை தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கதையை நான் எடுத்துக்கொள்கிறேன். எதைக் கொடுத்தேன், எதைக் கொடுக்கவில்லை என்று வாங்குபவனுக்குப் புரியும்படி சொல்லாதவன் பாதிக் கதவை மூடிவைத்தவன்.

தெளிவாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் நீலத் திரை டர்போ சி-யில் விழிபிதுங்கியவர்களுக்குப் போர்லாண்ட் கம்பெனியைத் தெரியும். 1980களில் அவர்கள் டர்போ பாஸ்கலோடு கொடுத்த லைசென்ஸ் எளிமையானது. இதை ஒரு புத்தகத்தைப் போல நடத்துங்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடக்கூடாது, அவ்வளவுதான். ஒரு காலத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பெட்டியும், மேஜைக் கம்ப்யூட்டருக்கு வாங்கியவர் தன் லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. அடோபியும் இரண்டு இயந்திரத்துக்கு அனுமதித்து, ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓட்டாதே என்றது. ஆளுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கை என்பது கம்பெனிகளுக்கும் தெரியாமல் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் நிரலை 'இலக்கியப் படைப்பு' வரிசையில் வைத்திருக்கிறது. சீவக சிந்தாமணிக்குப் பக்கத்தில் என் டிசைன் மென்பொருள். முறையாக வைத்திருப்பவர் எந்த வேலைக்கு வாங்கினாரோ அதற்காகவும், அழிந்தால் கைகொடுக்க ஒரு காப்புப் படியாகவும் நகலெடுக்கலாம் என்கிறது 52ஆம் பிரிவு. திருட்டுப் படி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தாதவருக்குச் சிறையை விட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அந்தச் சலுகை என் போன்றவனுக்கு இல்லை. நான் வரைகிற ஒவ்வொரு கரையும் முந்தியும் காசுக்குத்தான்.

நஷ்டம் யாருக்கு என்று கேட்பவர்களை நான் என் மேஜைக்குத்தான் கூப்பிடுவேன். அந்தக் காலத்தில் டிசைன் என்பது ஜக்கார்டு அட்டைக் கட்டு. ஒரு தறியில் ஏறியிருக்கும் கட்டு அதே நேரத்தில் இன்னொரு தறியில் இருக்க முடியாது. வேறு தறிக்கு வேண்டுமென்றால் மறுபடி அட்டை குத்த வேண்டும். போர்லாண்ட் விதியை அட்டையே காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு; டிசைன் ஒரு கோப்பு. ஒரு தறிக்கென்று பேசி வாங்கிப்போன கோப்பு பத்துத் தறியில் ஓடும். பிறகு செல்போனில் படம் எடுத்து விசைத்தறிக்கும் போய்விடும். என் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த தடவை அந்த முதலாளி என்னிடம் வரவேண்டிய தேவை போய்விட்டது. பதிவு செய்யாத டிசைனுக்குச் சட்டமும் துணை வராது: பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் பொருளில் ஏற்றிவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்தது. (மயில், அன்னம், யாளி, ருத்திராட்சம் எல்லாம் தெரு, அவற்றை எவனும் தனதென்று சொல்ல முடியாது, நானும் சொல்வதில்லை.)

கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதம் முறியாமல் கறைபடும் வழிகள், சொல்வார்கள்: களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறி வாணிகம் செய்தல், கள்ள எடை கள்ள அளவு, போலியைக் கலந்து விற்றல். கம்ப்யூட்டர் வாங்கினால் "எல்லா சாஃப்ட்வேரும் ஃப்ரீயா ஏத்தித் தரேன் சார்" என்று சொல்லும் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் மூன்றைத் தொட்டுவிடுகிறார். வாங்கிக்கொண்டு வருகிற நாம் ஒன்றை.

திருக்குறளில் கள்ளாமை அதிகாரம் துறவறவியலில் இருப்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீடுகளில் வள்ளுவரைச் சமணர் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்த வழக்கை நடத்த நான் இப்போது வரவில்லை. இல்லறத்தானுக்கு வெஃகாமையைச் சொல்லிவிட்டு, கள்ளாமையைத் துறவியிடம் ஏன் வைத்தார்? ஒரு சுள்ளியைக்கூடக் கேட்காமல் தொடாத கடுமை துறவிக்குத்தான் கூடும் என்பதாலோ என்னவோ. எங்கள் சமயத்திலும் முழுக் கடுமையான மகாவிரதம் துறவிகளுக்கு, அளவோடு நிற்கும் அணுவிரதம் இல்லறத்தாருக்கு. குளத்துத் தண்ணீரை எடுத்த இல்லறத்தானைக் கள்வன் என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சலுகையை எதுவரை நீட்டலாம் என்பதுதான் என் கேள்வி.

மென்பொருள் விற்ற ஏஜென்டிடமே கேட்டேன். "போட்டுக்கோங்க சார், யாரு பாக்கப் போறா?" என்றார். அதை ரசீதில் எழுதிக் கொடுங்கள் என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். அவர் வாய்வார்த்தை கொடையாகாது. கொடுப்பதற்கு அவருடையதாக இருந்தால்தானே? கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில் பதில் வந்தது: இயந்திரம் ஒன்று, வேண்டுமானால் பழையதில் நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். ஆகவே பிள்ளையார்பாளையத்துக் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டேன், லேப்டாப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்வருகிறேன். என் மகளுக்கு இது அபத்தமாகப் படுகிறது. "ஒரே ஆள், ஒரே கை, இதுல என்னப்பா பாவம்?" என்கிறாள். கம்பெனி பேராசைப்படுகிறது என்ற மட்டில் அவள் சொல்வது சரி. அவன் பேராசை அவன் கணக்கில். அதைக் காட்டி என் கணக்கைக் கழிக்க முடியாது.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். விற்றவன் மறுத்து எழுதாத இடத்தில், ஒரே ஆள், ஒரு நேரத்தில் ஒரு இயந்திரம் என்று ஓட்டினால் அது களவல்ல. மறுத்து எழுதி, நானும் ஒப்புக்கொண்டு அழுத்திய பிறகு போட்டால் சின்னக் களவு. அப்பாவும் மகளும் ஒரே லைசென்ஸில் ஒரே நேரத்தில் வேலை பார்த்துச் சம்பாதித்தால் முழுக் களவு.

படியெடுப்பதே பாவம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எங்கள் நான்கு தானங்களில் சாத்திர தானம் ஒன்று. கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னர் எழுதிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார். ஓலையில் ஆயிரம் படி என்றால் எத்தனை பேர் எழுதியிருக்க வேண்டும்! அந்தப் புண்ணியத்துக்கு இன்றும் வழி இருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. ஜக்கார்டு டிசைனுக்கென்றே அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் டிஜிபுனாய் என்ற திறமூல மென்பொருளை வெளியிட்டிருக்கிறது. மகள் இப்போது அதில் பழகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக இன்னொரு லைசென்ஸ் நான் வாங்கப் போவதில்லை.

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வாங்கும் முன்பே ஒன்று கேளுங்கள்: எத்தனை இயந்திரம், எத்தனை ஆள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் டிசைன் வாங்க வருகிறவர்களுக்கு எத்தனை தறி என்று நானும் பில்லிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.